பிளஸ் டூவில் அரசுப் பள்ளி மாணவர்கள் ஏன் தனியார் பள்ளி மாணவர்களைவிடப் பின்தங்குகிறார்கள்?

ஆசிரியர்கள் சரியில்லையா, பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2009-ல் ஒரு வட மாவட்டக் கிராமத்தில், அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவன். இரண்டும் இல்லை என்பேன். எங்களுக்குக் குறைவாகக் கிடைத்தது படிக்கும் நாள்கள்தான்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த ஜூனில் எங்கள் இயற்பியல் சார் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மனசு வராது, வருடக்கணக்காக இரண்டு பஸ் மாறி வந்த மனுஷன். அந்த இடம் காலியாகவே கிடந்தது. இயற்பியல் பீரியடில் வேதியியல் சார் எட்டிப் பார்ப்பார், இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருப்போம். தீபாவளிக்கு அப்புறம்தான், பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு அக்காவை பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) பணத்தில் போட்டார்கள். நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் அரையாண்டுக்கு இன்னும் ஒரு மாதம்தான். எந்தப் பாடத்தை விடலாம் என்பதுதான் அவர் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம்.

பொறியியல் கல்லூரி விடுதியில் என் அறைக்கு வந்தவன் நாமக்கல் பக்கத்துத் தனியார் உண்டு உறைவிடப் பள்ளிக்காரன். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததுமே அவன் கையில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்களாம். அதே புத்தகம், இரண்டு வருடம், விடியற்காலை தொடங்கி ராத்திரி வரை, டெஸ்ட் மேல் டெஸ்ட். நான் பாதி வருடத்தில் படித்ததை அவன் இரண்டு வருடம் படித்தான். கட்-ஆஃப் பட்டியலில் அது தெரியாது. முதல் செமஸ்டர் கணக்கில் இருவருக்குமே அரியர் விழுந்தது தனிக்கதை: அவனுக்குப் பதினொன்றாம் வகுப்புக் கணக்கு தெரியாது, எனக்கு இங்கிலீஷ் புரியாது.

பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதிப்பதைத் தடுக்கத்தான் 2017-18-ல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறையும் என்பது சரிதான். ஆனாலும் பழைய குறுக்குவழி திரும்பத் திறக்குமோ என்று எனக்குப் பயம்.

நீட்டிலும் இதே நாள் கணக்குதான். பள்ளி முடிந்தும் ஒரு வருடம், இரண்டு வருடம் கோச்சிங்கில் உட்கார வசதி உள்ளவர்களோடுதான் எங்கள் பிள்ளைகள் போட்டி போட வேண்டும். 2019-ல் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில் அரசு அமைத்த குழு, மருத்துவ இடங்களில் 10 சதவீதத்தை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்லி, அரசு 7.5 சதவீதம் கொடுத்ததும், 2020-ல் அது 300-ஐத் தாண்டியது. ஒரே வருடத்தில் பிள்ளைகளுக்குப் புத்தி முளைத்துவிடவில்லையே! ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள், தங்களைப் போலவே நாள் குறைந்தவர்களோடு மட்டும் போட்டி போட்டார்கள்.

இட ஒதுக்கீட்டால் தகுதி போகும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பிள்ளைக்கு இயற்பியல் வாத்தியார் எந்த மாதம் வந்தார்?

என் அண்ணன் மகள் இப்போது அதே பள்ளியில் பிளஸ் டூ. போன வாரம் போனில் இதையேதான் கேட்டேன். "இன்னும் போடலை சித்தப்பா, கெமிஸ்ட்ரி மிஸ்தான் வர்றாங்க" என்றாள்.