ரங்கூனில் ஓடியது, மோல்மீனில் ஓடவில்லை

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். ரங்கூனில் இருக்கும் என் அண்ணன் பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்தார். இன்டெல் ஐ5-10400, 650 வாட் பவர் சப்ளை, புது ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. அங்கே நன்றாக ஓடியதை வீடியோ காலில் காட்டினார். மறுநாள் இரவு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். இங்கே வந்து போட்டால் கார்டையே காணோம். மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ வழியாகத்தான் படம் வருகிறது. டிவைஸ் மேனேஜரில் இன்டெல் யுஎச்டி 630 மட்டும் இருக்கிறது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நாலு தடவை போட்டுப் பார்த்தேன், விண்டோஸையும் புதிதாகப் போட்டேன். கார்டு போய்விட்டதா? திருப்பி அனுப்பட்டுமா?
– மோல்மீன் வாசகர்

பதில்: அனுப்பாதீர்கள் தம்பி. அந்தக் கார்டுக்கு இன்னொரு பஸ் பயணம் வேண்டாம்.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: 'இரவு பஸ்'. (யாங்கோன் என்று எழுதச் சொல்கிறார் ஆசிரியர், என் கைக்கு ரங்கூன்தான் வருகிறது.) ரங்கூனிலிருந்து உங்கள் ஊருக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஒரு கிலோவை நெருங்கும் கார்டு, பின்பக்கம் ஒன்றிரண்டு திருகாணியும் கீழே ஒரு ஸ்லாட்டும் தாங்க, ராத்திரி முழுக்கத் தொங்கிக்கொண்டே குலுங்கியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போதும், மதர்போர்டுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை அறுந்துவிடும்.

டிரைவரைப் பாவம், விட்டுவிடுங்கள். கார்டு இருப்பதை முதலில் கண்டுபிடிப்பது மதர்போர்டு. விண்டோஸ் அதற்கப்புறம்தான் எழுந்திருக்கிறது. டிரைவர்தான் கோளாறு என்றால் டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றோ, மஞ்சள் குறியோடோ ஏதாவது ஒன்று நிற்கும். உங்களுக்கு அந்த இடமே காலி. இன்னொரு தடயமும் இருக்கிறது. பெரும்பாலான இன்டெல் போர்டுகள், தனிக் கார்டு இருப்பது தெரிந்ததும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை (உங்களுக்கு அந்த யுஎச்டி 630) தானாகவே அணைத்துவிடும். உங்களுக்கு அந்த வழியில் இன்னும் படம் வருகிறது என்றால், போர்டுக்கே கார்டு தெரியவில்லை என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். கரண்ட் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர் என்றால் அதிலிருந்தும். பிறகு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். கார்டின் பவர் வயரைக் கழற்றுங்கள், திருகாணியைக் கழற்றுங்கள். ஸ்லாட்டின் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். கார்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் விரல் எட்டாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி போர்டைக் கீறிவிடாதீர்கள். கௌஸ்வே (நூடுல்ஸ்) கடையில் தரும் மரக்குச்சி போதும், நான் இத்தனை வருஷமாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.

கார்டை வெளியே எடுத்து, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள் இல்லாமல் துடையுங்கள். உங்கள் ஊர் மழைக்கு இதைச் செய்வது நல்லதுதான். மறுபடி மாட்டும்போது இரண்டு முனையையும் சமமாக அழுத்துங்கள், கொக்கி 'க்ளிக்' என்று விழ வேண்டும். திருகாணியை அதற்கப்புறம் முடுக்குங்கள். மலிவான கேபினெட்டுகளில் தகடு கோணலாக இருக்கும். திருகாணியை முடுக்க முடுக்க கார்டின் மறுமுனை மேலே எழும்பும். இதில் நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் கார்டு செத்துவிட்டது என்று சொல்லி, அவர் வேறு வாங்கக் கிளம்பும் நேரத்தில் திருகாணியைத் தளர்த்தினேன், உயிர் வந்துவிட்டது. அன்றைக்குக் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பவர் வயரையும் பாருங்கள். 3060க்கு 170 வாட் வேண்டும், ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75. மிச்சம் மேலே செருகும் எட்டு பின் வயர் வழியாக வர வேண்டும். அது ஆறும் இரண்டுமாகப் பிரியும் பிளக். அந்த இரண்டு பின் துண்டுதான் அடிக்கடி தளர்ந்து நிற்கும். பிராசஸருக்குப் போகும் எட்டு பின் வயரும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் அது நாலும் நாலுமாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். ஒன்றை மற்றதில் பலவந்தமாகத் திணித்தால் கார்டு உண்மையாகவே போய்விடும்.

ஃபேன் சுற்றுகிறதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நல்ல கார்டிலும் சூடு ஏறும்வரை ஃபேன் நிற்கலாம். ஸ்லாட்டில் சரியாக உட்காராத கார்டிலும் சுற்றலாம்.

எல்லாம் மாட்டியபின் மானிட்டர் வயரைக் கார்டில் செருகிப் போடுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே எழுத்துகள் தெரிந்தால் டிரைவர் போட உட்காரலாம். தெரியவில்லை என்றால் மதர்போர்டின் வட்டப் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் நண்பர் யாருடைய கம்ப்யூட்டரிலாவது மாட்டிப் பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால்தான் அண்ணனுக்குப் போன். அப்போதும் கார்டைத் தனியாகக் கழற்றி, அது வந்த பெட்டியிலேயே வைத்து அனுப்ப வேண்டும்.

கேள்வி: என் போர்டில் கார்டு மாட்டும் ஸ்லாட் பிசிஐஇ 3.0, வாங்கப் போகும் கார்டு 4.0. சேருமா?
– பெகு வாசகி

பதில்: சேரும் அம்மா, 3.0 வேகத்தில் ஓடும். பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ள நீள ஸ்லாட்டில் மாட்டுங்கள். கீழே இருப்பது நீளமாகத் தெரிந்தாலும் பல போர்டுகளில் உள்ளே நாலு லேன்தான், அதாவது தகவல் போகும் பாதை நாலுதான்.