ஃபூரியர் மாற்றத்தைப் புரியவைக்க மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு), எஃப்.டி.ஐ.ஆர். (ஃபூரியர் மாற்ற அகச்சிவப்பு நிறமாலை) பாடங்களில், ஒரு சிக்னலுக்குள் எந்தெந்த அதிர்வெண்கள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் ஃபூரியர் மாற்றம் வந்ததும் மாணவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஸ்லைடரை நகர்த்திப் பார்க்கும் மென்பொருள் தொகுப்பு ஒன்றை ஒரு முகவர் காட்டினார். ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. வாங்கலாமா? மாணவர்களுக்குக் கணக்கு உண்மையிலேயே புரியுமா, இல்லை விளையாட்டாகவே முடிந்துவிடுமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவையானது ஒரு விரிதாளில் அடங்கிவிடும். எக்செல் போதும், அதுவும் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்க் போதும்.

முதல் நெடுவரிசையில் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். ஒரு நொடியை 64 பங்காக்கி, பூஜ்யத்தில் தொடங்கி 64 வரிகள். இரண்டாவது நெடுவரிசையில் சிக்னல்: 5 ஹெர்ட்ஸ் கொசைன் ஒன்று, அதோடு பாதி உயரத்தில் 12 ஹெர்ட்ஸ் கொசைன் ஒன்று. வரைந்து பார்த்தால் நெளிந்து நெளிந்து போகும் ஒரு கோடுதான் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. மூன்றாவதில், தனியாக ஒரு கட்டத்தில் எழுதிய அதிர்வெண்ணுக்கான கொசைன். நான்காவதில் இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கி, கடைசியில் மொத்தத்தையும் கூட்டுங்கள்.

அந்தத் தனிக் கட்டத்தில் 8 என்று போட்டால் கூட்டுத்தொகை பூஜ்யம். 5 போட்டால் 32. 12 போட்டால் 16. சிக்னலுக்குள் இருக்கும் அதிர்வெண்ணைத் தொட்டால் மட்டும் எண் எழும்புகிறது, எவ்வளவு எழும்புகிறது என்பது அதன் உயரத்தைச் சொல்கிறது. ஃபூரியர் மாற்றம் இவ்வளவுதான்: பெருக்கு, கூட்டு. பாடப்புத்தகத்தில் இருக்கும் தொகையீட்டுக் குறி இந்தக் கூட்டலைத்தான் சொல்கிறது.

அப்புறம் சிக்னலில் கொசைனுக்குப் பதில் சைன் போடச் சொல்லுங்கள். 5-ல் கூட்டுத்தொகை பூஜ்யமாகிவிடும். மாணவர்கள் திகைப்பார்கள். அதிர்வெண் அங்கேயே இருக்கிறது, ஆனால் கொசைன் சோதனையில் பிடிபடவில்லை. இன்னொரு நெடுவரிசை சேர்த்து சைனாலும் பெருக்கிக் கூட்டினால் பிடிபடும். சூத்திரத்தில் அவர்களைப் பயமுறுத்திய கற்பனைப் பகுதி இந்த இரண்டாவது கூட்டுத்தொகைதான். என்.எம்.ஆர். கருவியில் அலைக்கட்டத்தை (phase) சரிசெய்யும் பொத்தானை எதற்குத் திருப்புகிறோம் என்பதும் இங்கேயே விளங்கிவிடும்.

விளையாட்டாக முடிந்துவிடுமா என்று கேட்டீர்கள். ஸ்லைடரைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிட்டால் முடிந்துவிடும். எண்ணை மாற்றுவதற்கு முன், என்ன வரும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 59 போட்டால் என்ன வரும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பூஜ்யம் என்றுதான் எழுதுவார்கள். வருவது 32. நொடிக்கு 64 முறை மட்டும் பார்த்தால் 5-க்கும் 59-க்கும் வித்தியாசம் தெரியாது, 32 ஹெர்ட்ஸுக்கு மேல் தெரிவதெல்லாம் நிழல். தப்பாக எழுதியவர் இதைப் பிறகு மறப்பதில்லை.

தணிவையும், அதாவது சிக்னல் நேரம் போகப்போகத் தேய்வதையும், சேர்த்துவிடுங்கள். சிக்னலைத் தேயும் அடுக்குக்குறிச் சார்பால் பெருக்கினால், அதிர்வெண்ணுக்கு எதிராகக் கூட்டுத்தொகையை வரையும்போது எழும் முகடு (பீக்) அகலமாகும். பாதி உயரத்தில் அகலம், 1-ஐ π-யாலும் தணியும் காலத்தாலும் வகுத்தால் வருவது. தணியும் காலம் 1 நொடி என்றால் 0.32 ஹெர்ட்ஸ், 0.1 நொடி என்றால் 3.2 ஹெர்ட்ஸ். எஃப்.டி.ஐ.ஆரிலும் இதே கதைதான்: கண்ணாடி நகர்வதால் வரும் பாதை வேறுபாடு 0.25 சென்டிமீட்டர் என்றால் பிரிதிறன் ஏறக்குறைய 4 அலையெண் (cm⁻¹), 1 சென்டிமீட்டர் என்றால் 1 அலையெண்.

இனி முகவர் விஷயம். இத்தகைய தொகுப்புகளில் சில, கணக்கே போடுவதில்லை. ஒரு தொகுப்பில் தணியும் காலத்தை எவ்வளவு குறைத்தும் பீக் அகலம் அசையாததை நான் பார்த்திருக்கிறேன். முன்பே வரைந்து வைத்த படங்களைத்தான் ஸ்லைடர் மாற்றி மாற்றிக் காட்டியது. மாணவர் அதில் எதையும் தப்பாகச் செய்ய முடியாது, அதனால் எதையும் கற்கவும் முடியாது. இன்னொரு பொறி, சொந்தத் தரவை உள்ளே விடாத தொகுப்பு. மூன்றாவது பொறி சந்தா. ஒரு ஆண்டு கட்டாவிட்டால் நீங்கள் உழைத்துத் தயாரித்த பயிற்சிகளும் சேர்ந்தே பூட்டப்படும். "துல்லியம் கூட்டும் வசதி" என்று அவர் காட்டுவதும் பெரும்பாலும் சிக்னலின் வாலில் பூஜ்யங்கள் ஒட்டுவதுதான்.

இந்தப் பூஜ்யம் ஒட்டும் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பூஜ்யத்தை எதனோடு பெருக்கினாலும் பூஜ்யம், கூட்டுத்தொகை மாறாது. 5-க்கும் 6-க்கும் நடுவே 5.5-ஐயும் சோதிக்கலாம் என்பது மட்டும்தான் கிடைப்பது. புள்ளிகள் நெருங்கும், கோடு வழவழப்பாகும், புதிய தகவல் வராது என்றுதான் வகுப்பில் சொல்வோம். ஆனால் முதல் முறை நீளத்தை இரட்டிப்பாக்கும்போது மட்டும் உண்மையிலேயே லாபம் உண்டு. என்.எம்.ஆர். நிறமாலையில் நாம் இரண்டு கூட்டுத்தொகைகளையும் கணக்கிட்டுவிட்டு, அலைக்கட்டம் சரிசெய்த பிறகு ஒன்றை மட்டும் வரைகிறோம். மற்றதில் இருந்த பாதித் தகவல் வீணாகிறது. சிக்னல் தொடங்குவதற்கு முன் எதுவுமே இல்லை என்பதால், ஒரு மடங்கு பூஜ்யம் ஒட்டினால் அந்தப் பாதியும் வரையும் பகுதிக்குள் வந்துவிடும். என்.எம்.ஆர். ஆய்வாளர்கள் பார்தோல்டியும் எர்ன்ஸ்ட்டும் 1973-ல் காட்டியது இது. 64-க்கு 128 சரி. 128-ஐ 256 ஆக்குவது அலங்காரம். முகவர் "பதினாறு மடங்கு" என்று சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கூலியும் டூக்கியும், இந்தக் கணக்கைக் கணினியில் விரைவாக முடிக்கும் வேக ஃபூரியர் முறையை வெளியிட்டது 1965-ல். எர்ன்ஸ்ட்டும் ஆண்டர்சனும் அதற்கு அடுத்த ஆண்டே என்.எம்.ஆரில் ஃபூரியர் முறையைக் காட்டிவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கணிதத் தாளில் ஒற்றைப்படைச் சார்பு, இரட்டைப்படைச் சார்பு என்று தொடர் போட்டு மதிப்பெண் வாங்குகிறார்கள், ஒரு சிக்னலையாவது கண்ணில் காட்டுவதில்லை. வேதியியல் தாளோ சூத்திரத்தை எழுதச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பெருக்கிக் கூட்டிப் பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்கப் பாடத்திட்டக் குழுக்களுக்கு மனம் வருவதில்லை, ஆனால் மென்பொருள் வாங்கும் கோப்பில் கையெழுத்து உடனே விழுகிறது.

விரிதாள் பழகிய பிறகு அடுத்த படி வேண்டுமென்றால் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஸ்லைடர் வைத்துக்கொள்ளலாம், அதற்கு நிரல் தெரிய வேண்டாம். எக்செலில் தரவுப் பகுப்பாய்வுக் கருவிகளுக்குள் ஃபூரியர் வசதியும் இருக்கிறது. புள்ளிகளின் எண்ணிக்கை 64, 128 என்று இரண்டின் அடுக்காக இருந்தால்தான் அது ஏற்கும். நிரல் எழுதத் தெரிந்த மாணவர் ஒருவர் இருந்தால் பைதான் நிரல்மொழியில் நம்பை (NumPy) என்ற கணக்குத் தொகுப்பை வைத்து மொத்த வேலையையும் சில வரிகளில் முடித்துவிடுவார். ஆனால் அவரும் முதலில் விரிதாளில் கையால் செய்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

துறையில் என்.எம்.ஆர். கருவி இருந்தால், அதை இயக்குபவரிடம் நிறமாலையோடு மாற்றம் செய்யாத மூலச் சிக்னல் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். எஃப்.டி.ஐ.ஆர். என்றால் குறுக்கீட்டு வரைவையும் (மாற்றம் செய்யாத மூலச் சிக்னல்) சேமிக்கும்படி பல கருவிகளில் முன்கூட்டியே தேர்வு செய்ய வேண்டியிருக்கும். முகவர் மறுபடி வந்தால் அந்தக் கோப்பைக் கையில் கொடுத்து, உங்கள் கண் முன்னால் அவருடைய தொகுப்பில் திறக்கச் சொல்லுங்கள். திறந்து சரியான நிறமாலையைக் காட்டிய பிறகு விலை பேசலாம்.