மகள் எழுதித் தரும் குறிப்பு

கேள்வி: 18 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இப்போது வார்டு பொறுப்பு. ஏதாவது தவறு நடந்தால், நடந்ததைத் திரும்பிப் பார்த்துக் குறிப்பு எழுதித் தர வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. தவறாமல் தருகிறேன் (எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பள்ளியில் படிக்கும் மகள்தான் அழகாக எழுதித் தருவாள்). ஆனாலும் ஷிஃப்ட் மாறும்போது மருந்துக் குழப்பம் மூன்றாவது முறையாக வந்துவிட்டது. ஏற்கெனவே கொடுத்த வலி மருந்தையே ஒரு ஜூனியர் மறுபடி கொடுக்கப் போனாள். நான் தடுத்தேன். இந்தக் குறிப்பெல்லாம் வெறும் காகித வேலைதானே? — ஒரு வாசகி

பதில்: நீங்கள் செய்கிற விதத்தில் காகித வேலைதான், சகோதரி.

அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவிட்டீர்களே, அந்த மகளைப் பற்றித்தான் பேச வேண்டும். அவள் வார்டில் இருந்தாளா? மருந்தோடு நின்ற ஜூனியரின் முகத்தைப் பார்த்தாளா? பிறகு எதை எழுதுவாள்? "இனி கூடுதல் கவனத்துடன் செயல்படுவேன்" என்று எழுதியிருப்பாள். பழைய குறிப்புகளை எடுத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் அதே வரி இருக்கும்.

நோயாளியின் விவரம் வார்டைத் தாண்டக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? பெற்றவர்கள் பிள்ளைக்கு முன்னால் தப்பை ஒத்துக்கொள்ளலாம், அதில் கௌரவம் குறையாது. அந்தத் தப்புக்குப் பூசி மெழுகுகிற குமாஸ்தாவாகப் பிள்ளையை உட்காரவைப்பதை என்னால் ஏற்க முடியாது. இன்றோடு நிறுத்துங்கள்.

தொழில் தெரிந்தவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்க அறிஞர் 1983-இல் ஒரு புத்தகமே எழுதினார். எதிர்பாராதது நடக்கும்போது, கை வேலையில் இருக்கும்போதே யோசிப்பது ஒன்று. முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. ஜூனியரை நீங்கள் தடுத்த கணம் முதல் வகை. அப்போது எது கண்ணில் பட்டது? சார்ட்டில் நிரப்பாத கட்டமா, நோயாளி அசந்து கிடந்த விதமா, ஜூனியர் தயங்கியதா? உங்கள் 18 வருடமும் அங்கேதான் இருக்கிறது. குறிப்பில் வர வேண்டியது அது. அதை உங்களைத் தவிர யாராலும் எழுத முடியாது.

ஷோனும், நிர்வாகவியல் அறிஞர் கிறிஸ் ஆர்கிரிஸும் சேர்ந்து இன்னொரு வித்தியாசத்தையும் சொன்னார்கள். தவறைத் திருத்துவது ஒரு சுற்று. தவறை விளைவிக்கிற ஏற்பாட்டையும் அதற்கு அடியிலுள்ள நம் நம்பிக்கையையும் கேள்வி கேட்பது இரண்டாவது சுற்று. நீங்கள் முதல் சுற்றையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஜூனியருக்குக் கவனம் போதாது என்பது உங்கள் நம்பிக்கை. மருந்து கொடுத்த கையோடு சார்ட்டில் குறிக்கிறார்களா, ஷிஃப்ட் முடிவில் மொத்தமாகவா? பொறுப்பை ஒப்படைப்பது வாய்ப்பேச்சோடு முடிகிறதா? நடுவில் யார் யார் வந்து குறுக்கிடுகிறார்கள்? சந்தேகம் வந்தால் உங்களிடம் வந்து கேட்க அந்தப் பெண்ணுக்குத் தைரியம் உண்டா? கடைசிக் கேள்வி கசக்கும். அதை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள்.

அடுத்த குறிப்பை வீட்டுக்குக் கிளம்பும் முன் நீங்களே எழுதுங்கள். பெயர் வேண்டாம், அழகான நடை வேண்டாம், பிழை இருந்தால் இருக்கட்டும். பிறகு அந்த ஜூனியரைத் தனியே உட்காரவைத்து, "அன்றைக்கு என்னிடம் கேட்கவிடாமல் உன்னை எது தடுத்தது?" என்று மட்டும் கேளுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.