போர்டு கேம் விமர்சனமும் முன்னோட்டமும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

விமர்சனம் எழுதுவது, இன்னும் வெளிவராத விளையாட்டுக்கு முன்னோட்டம் எழுதுவது, இரண்டைப் பற்றியும் கேட்கலாம். எதை வாங்குவது, எங்கே மலிவு என்பதெல்லாம் இன்று வேண்டாம். வந்த வரிசையில் பதில் போடுகிறேன், சிலதைத் தாண்டியும் போவேன்.

பகடைப்பித்தன்: அக்கா, முதல் விமர்சனம் எழுதி வைத்திருக்கேன். பாதிக்கு மேல் விதிகளை விளக்கவே போயிடுச்சு. சுருக்கலாமா?

சுருக்க வேண்டாம், தூக்கிவிடுங்கள். பெரும்பாலான விளையாட்டுகளின் விதிப்புத்தகம் பதிப்பாளர் தளத்திலேயே பிடிஎஃப்பாகக் கிடக்கிறது, அதைத் திருப்பிச் சொல்ல நீங்கள் எதற்கு? 2017-ல் வந்த, ஓடுகளைச் சேர்க்கும் அஸுல் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு நான்கு ஓடு, ஏதாவது ஒரு தட்டிலோ நடுவிலோ ஒரு நிறத்தை மொத்தமாக எடுக்க வேண்டும், தட்டின் மிச்சம் நடுவுக்குப் போகும், உங்கள் பலகையின் வரிசையில் கொள்ளாமல் வழிந்த ஓடுகளுக்கு மைனஸ் புள்ளி. விதி இவ்வளவு போதும். உங்கள் வேலை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. சுற்று முடியும் நேரத்தில் நடுவில் ஒரு நிறம் குவிந்து கிடக்கும், யாரோ ஒருவர் அதை அள்ளியே தீர வேண்டும், அது யார் தலையில் விழும் என்பதுதான் மொத்த ஆட்டமும். இரண்டு பேர் என்றால் ஐந்து தட்டு, எண்ணிப் பார்த்தே எதிராளியை மாட்டிவிடலாம், பார்க்க அழகாக இருந்தாலும் உள்ளே குரூரமான ஆட்டம் அது. நான்கு பேர் என்றால் ஒன்பது தட்டு, உங்கள் முறை திரும்பி வருவதற்குள் எல்லாம் மாறியிருக்கும், திட்டம் போட்டதெல்லாம் வீண். ஒரே பெட்டியில் இரண்டு வேறு குணம். இதை எந்த விதிப்புத்தகமும் சொல்லாது, விளையாடியவர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று, இதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டே இருப்பேன்: எத்தனை முறை விளையாடினீர்கள், எத்தனை பேராக விளையாடினீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

மீப்பிள்_மதுரை: எத்தனை முறை விளையாடின பிறகு விமர்சனம் எழுதலாம்?

கட்டாய எண் எதுவும் கிடையாது. கோட்நேம்ஸ் மாதிரி கால்மணி நேர ஆட்டத்தை ஒரே சாயங்காலத்தில் புரிந்துகொள்ளலாம். குளூம்ஹேவன் என்ற கதைத்தொடர் ஆட்டத்தின் பெட்டியில் 95 காட்சிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனி ஆட்டம், முடித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றால் அடுத்த வருஷம்தான் எழுதுவீர்கள். எங்கே நிறுத்தினீர்களோ அதைச் சொல்லிவிட்டு, அதுவரை பார்த்ததை மட்டும் எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சோழிமுத்து: பத்துக்கு எத்தனை மார்க் என்று கட்டாயம் போடணுமா?

வேண்டாம். போட்டால், அந்த மார்க்குக்கு உங்கள் கணக்கில் என்ன அர்த்தம் என்று எழுதுங்கள். போர்டு கேம்களுக்கு வாசகர்கள் மார்க் போடும் போர்டுகேம்கீக் தளத்தின் பத்துப் புள்ளி அளவுகோலே, இதை மறுபடி விளையாட எவ்வளவு ஆசை என்பதைத்தான் கேட்கிறது, தரத்தை அல்ல. அங்கே இருக்கும் தரவரிசையும் வெறும் சராசரி கிடையாது. குறைவான ஓட்டு வாங்கிய விளையாட்டுகள் திடீரென்று மேலே ஏறிவிடாமல் இருக்க நடுத்தரமான கற்பனை ஓட்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் "தரவரிசையில் 400-வது இடம், ஆகவே சுமார்" என்று எழுதாதீர்கள்.

வெள்ளலூர்வாசி: நல்ல கேமரா எது அக்கா? மேலிருந்து படம் எடுக்க ஸ்டாண்ட்?

என் துறை இல்லை. சமையல் வீடியோ எடுப்பவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கும் அதே கோணம்தான்.

கடைசித்திருப்பம்: ஒரு சின்ன நிறுவனம் கிக்ஸ்டார்ட்டருக்கு (முன்பணம் திரட்டும் தளம்) முன்னாடி புரோட்டோடைப் (மாதிரிப் பெட்டி) அனுப்புறாங்க. முன்னோட்டத்தில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

முதலில் அதை விமர்சனம் என்று எங்கேயும் எழுதாதீர்கள், தலைப்பில்கூட. உங்கள் கையில் இருப்பது முடிந்த பொருள் இல்லை. அட்டையின் தடிமன், ஓவியம், சமநிலை, பெட்டிக்குள் எல்லாம் அடங்குமா என்பது எல்லாமே மாறும், அதனால் அவற்றைப் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஒருவர் முறை வரும்போது யோசிக்க என்ன இருக்கிறது, அடுத்தவர் ஆடும்போது உங்களுக்கு அக்கறை இருக்கிறதா, எந்த இடத்தில் மேசை அலுத்துப்போனது, இதையெல்லாம் எழுதலாம், எழுத வேண்டும். எந்தத் தேதியிட்ட விதிகளை வைத்து விளையாடினீர்கள் என்பதையும், எவை இன்னும் தயாராகவில்லை என்று அவர்களே சொன்னார்கள் என்பதையும் குறித்துவிடுங்கள். தனியாள் ஆட்டம் "வரப்போகிறது" என்றால், அது இன்று இல்லை என்றே எழுதுங்கள்.

மூன்றாம்கை: காசு வாங்கிக்கொண்டு முன்னோட்டம் எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே! அது விளம்பரம் இல்லையா?

விளம்பரத்துக்குப் பக்கத்து வீடு. ஆனால் குற்றம் இல்லை. புரோட்டோடைப்பைக் கற்று, நாலு பேரைக் கூட்டி, படம் பிடித்து, வெட்டி ஒட்ட நேரம் ஆகிறது, அதற்குக் கூலி கேட்பதில் என்ன தப்பு? முதல் வரியில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம்கை: சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? காசு வாங்கியவர் யாராவது "இதற்குப் பணம் போடாதீர்கள்" என்று எழுதிப் பார்த்திருக்கீங்களா?

நியாயமான கேள்வி. எழுத மாட்டார்கள். பிடிக்காத புரோட்டோடைப்பைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள், அதனால் வெளியே வருவதெல்லாம் பாராட்டாகவே இருக்கும். கூலி வாங்கியவர் பொய் சொல்கிறார் என்பதைவிட, வெளியே வராத முன்னோட்டங்கள் வாசகர் கண்ணில் படுவதே இல்லை என்பதுதான் இங்கே பெரிய கோளாறு. கிக்ஸ்டார்ட்டரில் பணம் போடுகிறவர் கடையில் பொருள் வாங்குகிறவர் இல்லை. இன்னும் செய்யப்படாத ஒன்றுக்கு முன்னாலேயே காசு கொடுக்கிறார், அவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் இந்த முன்னோட்டங்கள்தான்.

காய்நகர்த்தி: அப்படிப் பார்த்தால் இலவசப் பெட்டி வாங்கி விமர்சனம் எழுதுறவங்களும் அதே கதைதானே. இறக்குமதி வரி எல்லாம் சேர்த்தால் இங்கே ஒரு பெரிய பெட்டி ஐந்தாறாயிரம் ஆகுது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசியின் விதிகளில் இலவசப் பொருளும் சொல்லியாக வேண்டிய உறவுதான். இங்கே விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-ல் வழிகாட்டி நெறிகள் கொண்டுவந்தது, மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் இதையே சொன்னது, இலவசப் பொருள் அதிலும் அடக்கம். ஹாஷ்டாக் கூட்டத்துக்குள் ஒளித்து வைப்பது அறிவிப்பு ஆகாது. ஆனால் காய்நகர்த்தி, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இலவசப் பெட்டி வாங்கியவர் மோசம் என்று எழுதினால் அடுத்த பெட்டி வராமல் போகலாம், அவ்வளவுதான். முன்னோட்டத்துக்குக் கூலி வாங்கியவரிடமிருந்து அந்த வீடியோவை நிறுவனம் வாங்குவதே கிக்ஸ்டார்ட்டர் பிரச்சாரப் பக்கத்தில் போடத்தான், பாராட்டு அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாம்கை: அப்போ நான் சொன்னதைத்தானே சொல்றீங்க!

பாதி. நீங்கள் கூலி வாங்கவே கூடாது என்கிறீர்கள். நான் வாங்கு, ஆனால் விளையாடிக் காட்டுவதோடு நில், தீர்ப்புச் சொல்லாதே என்கிறேன். கூலி வாங்கிய கையால் "கட்டாயம் வாங்க வேண்டிய விளையாட்டு" என்று மட்டும் எழுதக் கூடாது. அதே விளையாட்டு அச்சாகி வந்த பிறகு அதே ஆள் விமர்சனம் எழுதுவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. இதற்கு மேல் இதில் இழுத்தால் மற்றவர்கள் கேள்வி தங்கிவிடும்.

புதுமீப்பிள்: அக்கா, குறைந்தபட்சம் எத்தனை தடவை விளையாடணும்?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

நாலாம்_ஆள்: பேண்டமிக் ரொம்பச் சுலபம் என்று எழுதினேன், கருத்தில் எல்லாரும் அடிக்க வர்றாங்க.

எல்லோரும் சேர்ந்து உலகில் பரவும் நோய்களை அடக்கும் ஆட்டம் அது. நோய் திடீரென்று கூடும் எபிடெமிக் கார்டு வந்ததும், எந்த ஊரில் நோய் பரவும் என்று காட்டிவிட்டு வெளியே கிடக்கும் தொற்றுக் கார்டுகளைக் கலைத்து எங்கே வைத்தீர்கள்? கட்டின் மேலேயா, முழுக்கட்டோடு சேர்த்துக் கலைத்தீர்களா? மேலே வைக்க வேண்டும், அப்போதுதான் ஏற்கெனவே அடிபட்ட ஊர்களே மறுபடி மறுபடி அடிபடும், 2008-ல் மாட் லீகாக் வடிவமைத்த ஆட்டத்தின் உயிரே அங்கேதான். சேர்த்துக் கலைத்திருந்தால் அடிக்க வருகிறவர்கள் சரி. ஆட்டம் அநியாயத்துக்குச் சுலபமாகவோ அநியாயத்துக்குக் கடினமாகவோ தெரிந்தால், எழுதுவதற்கு முன் விதிப்புத்தகத்தை இன்னொரு தடவை திறங்கள்.

ஏணிப்பாம்பு: மோனோபலி மோசம் என்று ஒரு விரிவான விமர்சனம் எழுதலாம்னு இருக்கேன்.

வேண்டாமே. எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால், அதற்கு மூலமான லேண்ட்லார்ட்ஸ் கேமுக்கு லிஸ்ஸி மேகி 1904-ல் காப்புரிமை வாங்கியதே நிலம் வைத்திருப்பவன் மற்றவர்களை எப்படிச் சக்கையாய்ப் பிழிகிறான் என்று காட்டத்தான். தோற்பவருக்கு எரிச்சல் வருவது அந்த ஆட்டம் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளமா, கோளாறா என்று எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

ஸ்கார்பரோ_சிவா: புவேர்ட்டோ ரிக்கோ போர்டு கேமில் தோட்ட வேலைக்குக் கப்பலில் வரும் பழுப்பு வட்டங்களைப் பற்றி எழுதினால், அரசியல் பேசாதே என்கிறார்கள். விமர்சனத்தில் அது வேண்டுமா?

மேசையில் இருப்பதைச் சொல்வது அரசியல் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். 2002 பதிப்பில் அந்த வட்டங்களுக்குக் "குடியேறிகள்" என்று பெயர், அவர்கள் செய்வதோ கரும்பு, புகையிலைத் தோட்ட வேலை. யாரைக் குறிக்கிறது என்று பார்க்கிறவர் எவருக்கும் தெரியும். பதிப்பாளரே 2022-ல் கதைக்களத்தை அடிமை முறை ஒழிந்த பிறகான 1897-க்கு மாற்றி ஒரு பதிப்பு கொண்டுவந்தார்கள், ஆகவே பேசக்கூடாத விஷயம் இல்லை. ஆனால் அதோடு முடித்துவிடாதீர்கள் சிவா. ஒருவர் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தால் எல்லோரும் அதைச் செய்யலாம், தேர்ந்தவருக்கு மட்டும் சலுகை என்ற அந்த அமைப்பு ஏன் இன்றும் நன்றாக இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

தாயக்கட்டை: நண்பன் சொந்தமாக ஒரு கார்டு கேம் போட்டிருக்கான். சுமார்தான். மென்மையா எழுதலாமா?

எழுதவே வேண்டாம். குறைகளை அவரிடம் நேரில் சொல்லுங்கள்.

புதுமீப்பிள்: சரி அக்கா, ஆனா ஒரு எண்ணாவது சொல்லுங்களேன், மூணா அஞ்சா?

சொல்ல மாட்டேன்.

இருவர்மட்டும்: வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். நாலு பேர் ஆட்டத்தைப் பற்றி நாங்கள் எழுதலாமா?

தாராளமாக, "இருவர் விளையாடிய அனுபவம்" என்று தலைப்பிலேயே போட்டுவிட்டு. அதைத் தேடிப் படிக்கிறவர்கள் நிறைய. ஆனால் செவன் வொண்டர்ஸை, யாருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது நகரத்தை நடுவில் வைத்து இரண்டு பேராக ஆடிவிட்டு, கார்டுகளைப் பக்கத்தவருக்குக் கடத்தும் அந்த ஆட்டமே சப்பென்று இருக்கிறது என்று எழுதாதீர்கள். இருவருக்கென்றே 2015-ல் செவன் வொண்டர்ஸ் டூவல் வந்துவிட்டது, அதை எடுத்து அலசுங்கள்.