வாசகர் கேள்வி: 26 கிலோ மூட்டையும் பன்னீர் சோடாவும்

வாசகி, கும்பகோணம்: அரிசி எப்போதும் 25 கிலோ மூட்டைதான் வாங்குவோம். இப்போது கடையில் 26 கிலோவாகவே தருகிறார்கள். அந்த ஒரு கிலோ எதற்கு?

ஜிஎஸ்டிக்காக. பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி. ஆனால் 25 கிலோ வரைதான். அதைத் தாண்டினால் வரி இல்லை. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ 1,500, வரி 75, ஆக 1,575. 26 கிலோவோ 1,560! ஆலைகள் பையின் அளவை மாற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதற்காக அந்த 5 சதவீதம் முழுசாக உங்கள் கைக்கு வந்துவிடாது. வரியில்லாத அரிசி விற்கும் ஆலை, சாக்குக்கும் இயந்திரத்துக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அது விலையில் ஏறும். எனவே மூட்டை விலையைக் கிலோவுக்கு வகுத்துப் பார்த்தே வாங்குங்கள். கடையில் நிறுத்து வாங்கினால் பில்லில் வரி வராது. ஆனால் கடைக்காரர் 25 கிலோ மூட்டையைப் பிரித்து நிறுத்தால், ஆலையில் போட்ட வரி விலைக்குள்ளேயே இருக்கும். வீட்டில் இரண்டே பேர் என்றால், மூட்டையை வாங்கி வண்டுக்குக் கொடுப்பதைவிட 5 கிலோ பைக்கு வரி கட்டுவது லாபம்.

வாசகர், ஓசூர்: ஷாம்பு பாட்டிலின் எம்ஆர்பிக்கு மேல் ஜிஎஸ்டி போட்டார்கள். சரியா?

தவறு. எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. குளிர்பானத்துக்கு 'கூலிங் சார்ஜ்' என்று 2 ரூபாய் கேட்பதும் அப்படித்தான். பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

வாசகர், திருநெல்வேலி: பெட்டிக்கடையில் வெறும் சோடாவுக்கும் பன்னீர் சோடாவுக்கும் வரி வேறாமே?

ஆமாம். 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்பும் மணமும் சேராத சோடாவுக்கு 5 சதவீதம், பன்னீர் சோடாவுக்கு 40. ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத அளவுக்குச் சிறிய தயாரிப்பாளர் என்றால் இந்தக் கணக்கே எழாது. 40 என்பது புதுச் சுமையும் அல்ல. முன்பு 28 சதவீத ஜிஎஸ்டி, 12 சதவீத செஸ் (கூடுதல் வரி) என்று இரண்டாக இருந்தது ஒன்றாகியிருக்கிறது. 40 ரூபாய் கோலாவில் 11 ரூபாய் 43 காசு வரி. அதே விலைக்கு வாங்கும் மாம்பழ பானத்தில் 1 ரூபாய் 90 காசுதான். அதில் கேஸ் ஏற்றினால் அதற்கும் 40 சதவீதம். சர்க்கரை எவ்வளவு என்று வரி கேட்பதில்லை. கெடுதலான பொருளுக்கான 'பாவ வரி' என்று பெயர் வைத்துவிட்டுக் குமிழியைப் பிடிப்பது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது. 10 ரூபாய், 20 ரூபாய் பாட்டில்களில் வரி ஏறினாலும் அச்சிட்ட விலை லேசில் மாறாது, அளவுதான் சுருங்கும். விலைக்குப் பக்கத்தில் உள்ள மி.லி.யையும் பாருங்கள்.