கடலோரப் புன்செயில் அடுக்குமாடி கட்டலாமா?

கேள்வி: மரக்காணத்தை அடுத்த கிராமத்தில் எங்களுக்குப் பூர்வீகமாக 60 சென்ட் புன்செய் இருக்கிறது. கடலிலிருந்து சுமார் 300 மீட்டர். நான்கு மாடியில் 24 வீடு கட்டி, ஆளுக்குப் பாதி என்கிறார் ஒரு பில்டர். நிலப் பயன்பாட்டைக் குடியிருப்பாக மாற்றிவிட்டால் போதுமாம். அதற்குப் பவர் கேட்கிறார். எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

பில்டர் சொல்வது பாதி உண்மை. விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றுவது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நடப்பது. நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி, பார்க்கிற வேலை. கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சிஆர்இசட், மத்திய சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வருவது. முதலாவதில் உத்தரவு வாங்கினாலும் இரண்டாவது அப்படியேதான் இருக்கும்.

முதலில், அந்த 300 மீட்டரை எங்கிருந்து அளந்தீர்கள்? கைபேசி வரைபடத்தில் அலை நுரைக்கும் இடத்திலிருந்து என்றால் அது கணக்கில் வராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லைதான் உயர் அலைக் கோடு. அங்கிருந்து 500 மீட்டர் வரை சிஆர்இசட். கோடு உள்ளே தள்ளி விழுந்தால் உங்கள் 300, 250 ஆகிவிடும்.

சிஆர்இசட்டில் கிராமப்புறக் கடற்கரை மூன்றாம் வகை. மத்திய அரசின் 2011 சிஆர்இசட் அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது 2019 அறிவிக்கை. அதன்படி தயாரித்த வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் இந்தச் சலுகை. பில்டர்கள் இந்த 50-ஐ உரக்கச் சொல்வார்கள். அதற்கு அப்பால் எத்தனை மாடி என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். 9 மீட்டர் உயரம், தரைத்தளமும் ஒரு மாடியும், அவ்வளவுதான். அதுவும் மீனவர் குடியிருப்பு போல வழிவழி உரிமையும் வழக்கமும் சார்ந்த வீடுகளுக்குச் சொன்னது. வெளியாருக்கு விற்கும் நான்கு மாடிக்கு இதில் இடமே இல்லை.

நிலத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். உங்கள் பகுதியில் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. கடலேற்றம் எட்டும் கால்வாய், கழிகளின் கரைக்கும் தனி எல்லை உண்டு. வறண்ட பருவத்தில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருக்கும் இடம்வரை இந்த விதி நீளும்.

பஞ்சாயத்து அனுமதி காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் கொச்சி மரடுவை நினைவூட்டுங்கள். அங்கே 2006-ல் பஞ்சாயத்து கொடுத்த அனுமதியில் எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை, சிஆர்இசட் விதியை மீறியவை என்று இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்குள் மரடு நகராட்சியாகியிருந்தது, அதுவும் கைகொடுக்கவில்லை.

சட்டம் இருக்கட்டும், தண்ணீருக்கு என்ன வழி? 24 வீட்டில் வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளைக்கு ஏறக்குறைய 13,000 லிட்டர். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நீர்மட்டம் ஓரடி இறங்கினால், கீழேயுள்ள உப்புநீர் நாளடைவில் 40 அடி வரை மேலேறும் என்பது கணக்கு. அப்புறம் பக்கத்து வீட்டுக் கிணறும் உப்புக் கரிக்கும்.

உங்கள் சர்வே எண்ணின் புலப்படத்தை 1:4000 அளவிலான சிஆர்இசட் வரைபடத்தின்மேல் பொருத்தி அறிக்கை வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள்தான் செய்யலாம். அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. செலவு பில்டருடையது. தயங்கினால் அதுவே பதில்.

நீங்களே குடியிருக்க ஒரு வீடு என்றால் கதை வேறு. 2019 விதி நடைமுறைக்கு வந்த இடங்களில் 300 சதுர மீட்டர் வரையான சொந்த வீட்டுக்கு உள்ளாட்சி அமைப்பிடமே போகலாம்.

பில்டரோடு தொடர்ந்து பேசுவதாக இருந்தால், 'சிஆர்இசட் அனுமதி இன்ன தேதிக்குள் வராவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்து' என்ற வரி உள்ள பதிவு செய்யாத உடன்படிக்கையோடு நிறுத்துங்கள். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பதிவு செய்த பவரை நினைத்த நேரத்தில் ரத்து செய்துவிட முடியாது.