டயபர் போட்ட இடம் சிவந்தால்...

கேள்வி: என் மகளுக்கு ஐந்து மாதம். பகலில் துணி கட்டுகிறோம், இரவில் டயபர். கொஞ்ச நாளாகப் பின்பக்கம் சிவந்து, துடைக்கப் போனாலே வீறிட்டு அழுகிறாள். டயபரால்தான் இப்படி, நிறுத்து என்கிறார் மாமியார். பவுடர் போட்டோம். மருந்துக்கடையில் கேட்டு ஒரு க்ரீம் தடவினோம். குறைகிறது, விட்டதும் மறுபடி வருகிறது. அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் பேருந்தில் ஆறு மணி நேரம் போக வேண்டும். என்ன செய்வது? – திருச்சி வாசகி

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. தோலைப் புண்ணாக்குவது ஈரமும் உரசலும். டயபரைக் கழற்றி வைத்துவிட்டு, நனைந்த துணியோடு தூளியில் இரண்டு மணி நேரம் தூங்கவிட்டாலும் இதேதான் நடக்கும். எதைக் கட்டுகிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் ஈரம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

அதிலும் சிறுநீரை மட்டும் தோல் ஓரளவு தாங்கிக்கொள்ளும். மலமும் சேர்ந்தால்தான் தொல்லை. மலத்தில் செரிமானத்துக்கான நொதிகள் இருக்கின்றன. சிறுநீரிலிருந்து வரும் அமோனியா காரத்தன்மையைக் கூட்டும்போது அந்த நொதிகளுக்கு வேகம் வந்துவிடும். ஊறிக் கிடக்கும் மேல்தோலை அரிக்கும். ஆகவே குழந்தை ஆய் போனால் நடுராத்திரி ஆனாலும் உடனே மாற்றுங்கள். வெறும் சிறுநீர் என்றால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். இரவில், தோல் நன்றாக இருக்கும் குழந்தையை இதற்காக எழுப்பத் தேவையில்லை. ஆனால் இப்போது புண் இருப்பதால், பால் கொடுக்க எழும்போது ஒருமுறை மாற்றிவிடுங்கள். வயிறு நிறையக் குடித்த பிறகு காலைத் தூக்கினால் பால் கக்கும். ஒரு பக்கம் கொடுத்து முடித்து, அடுத்த பக்கம் மாற்றுவதற்குள் இந்த வேலையை முடிப்பது வசதி.

பகல் வெளிச்சத்தில் சிவப்பை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பிட்டத்தின் மேடான இடங்கள் சிவந்து, தொடை இடுக்கு மட்டும் தப்பித்திருந்தால் அது பெரும்பாலும் ஈரத்தால் வந்த புண். இடுக்குக்குள்ளேயே அடர் சிவப்பாகி, ஓரத்தில் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் தனித்தனியாகச் சிதறியிருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு இது அடிக்கடி வரும். இதற்குப் பூஞ்சைக்கான களிம்பு வேண்டும். வேறு எதைப் பூசியும் பயனில்லை.

அந்த மருந்துக்கடை க்ரீமின் அட்டையை எடுத்துப் படியுங்கள். பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவியதும் சிவப்பு அடங்கும், நிறுத்தியதும் திரும்பும். நீங்கள் சொல்வதும் அப்படித்தான் இருக்கிறது. டயபர் மூடிய இடத்தில் ஸ்டீராய்டு வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இறங்கும், தோல் மெலிந்துபோகும். நிறுத்திவிட்டு, க்ரீமையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எதற்கும் எல்லாம் கலந்த ஒரே க்ரீமை எடுத்து நீட்டும் பழக்கம் நம் ஊர்க் கடைகளில் எப்போது ஒழியுமோ!

பவுடரும் வேண்டாம். ஈரத்தில் உருண்டு இடுக்கில் தங்கி உரசும். தட்டும்போது பறக்கும் தூள் குழந்தையின் மூச்சோடு நுரையீரலுக்குப் போவது அதைவிட மோசம். தேங்காய் எண்ணெய், புண் இல்லாத தோலுக்குச் சரி. சிவந்துவிட்டால் துத்தநாக ஆக்சைடு க்ரீம்தான் நல்லது. தேய்க்காமல், தோல் தெரியாத அளவுக்கு வெள்ளையாக அப்புங்கள். அடுத்த முறை மாற்றும்போது அழுக்கை மட்டும் எடுத்தால் போதும், மிச்சமிருக்கும் க்ரீமைச் சுரண்டி எடுக்கக் கூடாது. அம்மாக்கள் சுத்தம் என்று நினைத்துத் தேய்க்கும் அந்தத் தேய்ப்பில்தான் பாதிப் புண் வருகிறது.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். பெண் குழந்தை என்பதால் எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். மலம் சிறுநீர்ப்பாதைப் பக்கம் வரக் கூடாது. இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்து இடுப்பையே அந்தரத்தில் தூக்காமல், பக்கவாட்டில் லேசாகப் புரட்டித் துடைக்கலாம். ஐந்து மாதத்தில் புரள ஆரம்பித்திருப்பாள். கட்டிலில் மாற்றினால் ஒரு கை அவள் மேலேயே இருக்கட்டும். கழுவியதும் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். ரப்பர் ஷீட் மேல் ஒரு துணி விரித்துக்கொண்டால் கவலையில்லை.

புது டயபரை மாட்டியதும், தொடையைச் சுற்றியுள்ள கொசுவம் உள்ளே மடங்காமல் வெளியே இழுத்துவிடுங்கள். ஒழுகுவது அங்கேதான். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தோலில் ஜவ்வரிசி போலச் சின்ன ஜெல் துகள் ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள், டயபருக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருள்தான் அது. டயபர் தாங்குவதற்கு மேல் ஊறியிருக்கலாம், அல்லது உள்படலம் கிழிந்திருக்கலாம். துடைத்து எடுத்தால் போதும்.

டயபர் கட்டினால் கால் வளையும் என்று சிலர் சொல்வதும் சரியில்லை. கைக்குழந்தைகளின் கால் இயல்பாகவே வளைந்துதான் இருக்கும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் நேராகிவிடும்.

இரண்டு, மூன்று நாளில் குறையவில்லை என்றாலோ, கொப்புளம், சீழ், காய்ச்சல் என்று ஏதாவது வந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரில் காட்டுங்கள்.

பயணத்துக்கு வருவோம். ஆறு மணி நேரத்துக்கு மூன்று டயபர் போதும் என்று தோன்றும். ஆறு எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் பேருந்து நின்றால் யார் கேட்பது? ஏறுவதற்குச் சற்று முன் புதிதாக ஒன்று போட்டு, க்ரீமும் அப்பிவிடுங்கள். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி நாலைந்தை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டால் கடையில் விற்கும் வாசனை ஈரத்தாள் (வெட் வைப்ஸ்) தேவைப்படாது. பேருந்து சாப்பாட்டுக்கு நிற்கும்போது மாற்றுவதுதான் நல்லது. ஓடும்போது மாற்றியே ஆக வேண்டுமென்றால் மடியில் ஷீட்டை விரித்து, தலை உங்கள் முழங்கால் பக்கமும் கால் வயிற்றுப் பக்கமும் இருக்கும்படி படுக்கவைத்து, பக்கத்தில் இருப்பவரைத் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கழற்றியதைச் சுருட்டி அதன் பட்டையாலேயே ஒட்டி, செய்தித்தாளில் மடித்துப் பையில் வைத்திருந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள். ஜன்னல் வழியாக எறியவும் வேண்டாம், கழிவறைக்குள் தள்ளவும் வேண்டாம்.